கம்தெங்கோவின் வருகைப் பதிவேடு

நவம்பர் 2, திங்கள்

கூரைக்குத் தகரம் வந்துவிட்டது. அறுபது தகடு என்று எழுதிக் கொடுத்திருந்தேன், ஐம்பத்தெட்டுதான் வந்தது. லாரிக்காரரை நிறுத்தி, இரண்டு முறை எண்ண வைத்து, மீதி இரண்டும் நாளை வரும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகே இறக்கவிட்டேன்.

புது நோட்டு. ஆகவே முறையாகத் தொடங்குகிறேன். பெயர் ஆவுடையம்மாள். வயது எழுபத்தொன்று. பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். ஆங்கிலமும் கணக்கும் முப்பத்தெட்டு வருடம் நடத்தியவள். 1974இல் ஜாம்பியாவில் ஆசிரியர் வேலை கிடைத்து நானும் என் கணவர் சிவசைலமும் வந்தோம். அவர் பௌதிகம். ஓய்வு பெற்றதும் கூட வந்தவர்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பினார்கள். இவர் மட்டும் கிழக்கு மாகாணத்தில், தார் சாலை முடிந்து இரண்டு மணி நேரம் தள்ளி, இந்தக் கம்தெங்கோவில் ஊர்த்தலைவர் கொடுத்த நிலத்தில் வீடு கட்டி என்னைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்பது வருடம் ஆகிறது.

இங்கே பள்ளிக்கூடம் இல்லை. அரசாங்கப் பள்ளி பதினொரு கிலோமீட்டர் தூரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஓடை மூன்று மாதம் நிரம்பி ஓடும். அதனால் பிள்ளைகள் பத்து வயதில்தான் முதல் வகுப்புக்குப் போகிறார்கள். பெண்பிள்ளைகள் பன்னிரண்டில் நின்றுவிடுகிறார்கள். எங்கள் வீட்டை ஒட்டியே மூன்று அறை கட்டலாம் என்று அவர் சொன்னார். ஊர் ஆண்களோடு சேர்ந்து செங்கல் அறுத்தார். சூளைக்கு நெருப்பு வைத்ததும் அவர்தான். ஜூலை 9 அன்று லுசாக்கா மருத்துவமனையில் போய்விட்டார். இன்றோடு நூற்றுப் பதினாறு நாள்.

சுவர் எழும்பிவிட்டது. ஆண்கள் முறைவைத்து வருகிறார்கள், கூலி கேட்கவில்லை. "பெரியவருக்குக் குடுத்த வாக்கு" என்கிறார் ஊர்த்தலைவர் சகாலா. வேலை நேரத்தில் ஒரு பேச்சு இல்லை, பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை. மற்ற வேலைகளுக்கு இவர்கள் பாடாமல் மண்வெட்டியைத் தொடுவதில்லை. என் வளாகத்தில் மட்டும் இந்த ஒழுக்கம். என்னைப் பார்த்து வந்தது என்றே நினைக்கிறேன்.

ஒரு குறிப்பு. இவர்கள் பேசுவது சின்யாஞ்சா. அதை நான் என் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த வீட்டுப் பேச்சு அது ஒன்றுதான். இவர்கள் வாய்க்கும் அது நன்றாகவே பொருந்துகிறது.

நவம்பர் 9, திங்கள்

பெருமழை. எங்கும் ஒழுகவில்லை.

நவம்பர் 12, வியாழன்

மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம். சமுதாயப் பள்ளியாகப் பட்டியலில் சேர வேண்டுமானால் ஊர்க்காரர்கள் ஐந்து பேர் கொண்ட குழு வேண்டும், கழிப்பறை இரண்டு வேண்டும், பரிசோதனை நாளில் குறைந்தது நாற்பது பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். பட்டியலில் சேர்ந்தால் பாடப்புத்தகமும் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரும் வருவார்கள். தவறினால் அடுத்த வருடம்தான். நாள்: ஜனவரி 28, வியாழன். அதிகாரி பெயர் டெம்போ.

கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழை. சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்துக்கொண்டேன். அனுப்பப் போவதில்லை.

கழிப்பறைக்குக் குழி தோண்டத் தொடங்கியாயிற்று. முன்னறை நாற்காலியிலேயே தூங்குகிறேன். படுக்கையறை இந்தக் காலத்தில் புழுக்கம்.

நவம்பர் 24, செவ்வாய்

வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினேன். நான்கு நாளில் ஐம்பத்தேழு பெயர். ஒரு வீட்டிலும் மறுக்கவில்லை. எல்லாத் தாய்மாரும் மண்டியிட்டு, இரண்டு கையும் தட்டி வணங்கி, "சரி அமாய்" என்றார்கள். அமாய் என்றால் அம்மா. வயது வந்த பெண்கள் எல்லாரும் இங்கே அமாய்தான்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிம்வெம்வே என்றால் மகிழ்ச்சி, நல்லது. மசாவுட்சோ என்றால் துன்பங்கள். ஐந்து வயதுப் பெண்பிள்ளைக்கு இந்தப் பெயரா என்று கேட்டேன். அந்த வருடம் துன்பமாக இருந்தது, அதனால் வைத்தோம் என்றார்கள். வாதிட இடமில்லை. எழுதிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு லொசாலியாவின் பேத்திதான் இந்த மசாவுட்சோ. லொசாலியாவுக்கு அறுபது வயது இருக்கும். ஊர்ப் பெண்களுக்குள் அவள் சொல்வதுதான் சட்டம். அவளையும் குழுவில் போட்டிருக்கிறேன். நான் வாசலில் நின்றே எழுதுவதைப் பார்த்துவிட்டு, "உக்காரமாட்டியளா அமாய்?" என்றாள்.

"இன்னும் ஒன்பது வீடு இருக்கு."

"பெரியவரு உக்காருவாரு. வந்தா எந்திரிக்கவேமாட்டாரு. எங்க வீட்டுக் கடலை முச்சூடும் அவருதான் திம்பாரு."

"அதான் அவருக்கு வேலை ஓடல" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

டிசம்பர் 6, ஞாயிறு

மகன் தாணு கனடாவிலிருந்து பேசினான். வீட்டில் சிக்னல் வராது. பின்புறம் ஆள் உயரக் கரையான் புற்று ஒன்று இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்றால் வரும். எழுபத்தொரு வயதில் குடையும் கையுமாகப் புற்று மேல் நின்று பேசுகிறேன். ஊருக்கே வேடிக்கை.

"எப்பம்மா கிளம்புத?"

"கிளம்பல. ஜனவரி பதினொண்ணு பள்ளிக்கூடம் திறக்கு."

"அங்க தனியா உக்காந்து என்ன செய்யப்போற?"

"தனியா எங்க இருக்கேன்? பதிவேட்டுல அம்பத்தேழு பேரு."

"அம்மா, அப்பாவ எரிச்சு பன்னெண்டாம் நாளே திரும்பிப் போயிட்ட. லுசாக்காவுல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு உக்காந்து அழுதியா? எனக்குப் பயமா இருக்கும்மா."

அந்த இடத்தில் நான் புற்றிலிருந்து இறங்கிவிட்டேன். இறங்கினால் சிக்னல் போய்விடும்.

எங்கள் சிஸ்டர் பெனடிக்டா சொல்வார்கள்: அழுகை பல் துலக்குவது மாதிரி, கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டியது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள் நான். ஜூலையில் நான் திரும்பி வந்த அன்று இந்த ஊர்ப் பெண்கள் முப்பது பேர் பாயும் மாவுக் கூடையுமாக வந்து முற்றத்தை நிறைத்துவிட்டார்கள். எல்லாம் லுசாக்காவிலேயே முறையாக முடிந்துவிட்டது, மிக்க நன்றி என்று சொல்லி, ஆளுக்கு இரண்டு துண்டு ரொட்டியும் தேநீரும் கொடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் முற்றம் காலி. அவர் இருந்திருந்தால் அத்தனை பேரையும் பேச்சுக்கு இழுத்து வைத்து மாலைவரை விட்டிருக்க மாட்டார்.

டிசம்பர் 19, சனி

பெஞ்சு இருபது. ஒன்று ஆடுகிறது, திருப்பி அனுப்பினேன்.

உதவி ஆசிரியர் கிடைத்துவிட்டார். பெயர் டாக்கா. முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர். பத்து வருடம் சிபாட்டா நகரத்துக்குப் போகும் பேருந்தில் நடத்துநர். இந்த ஊரில் பெண் எடுத்து இங்கேயே வந்து தங்கியிருக்கிறார். வருகை எடுத்துப் பழகச் சொன்னேன். "மசாவுட்சோ ஏறியாச்சா? சிம்வெம்வே ஏறியாச்சா? உள்ள தள்ளு, உள்ள தள்ளு!" என்கிறார். திருத்திவிடலாம். கையெழுத்து நன்றாக இருக்கிறது.

ஜனவரி 11, திங்கள்

காலை ஆறரைக்குக் கழிப்பறை கழுவியாயிற்று. ஏழு மணிக்கு மணி அடித்தேன். மணி என்றால் மாமரத்தில் தொங்கும் பழைய லாரிச் சக்கர வளையம்.

ஒருவரும் வரவில்லை.

எட்டு மணிக்கு மறுபடி அடித்தேன். டாக்கா சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். பன்னிரண்டு மணிவரை இருவரும் அவரவர் வகுப்பில் இருந்தோம். பதிவேட்டில் ஐம்பத்தேழு பெயருக்கு நேரேயும் 'வரவில்லை' என்று எழுதினேன். ஒரே கோடாக இழுத்து முடித்திருக்கலாம். அது முறையல்ல.

ஜனவரி 12, செவ்வாய்

ஒருவரும் இல்லை.

ஜனவரி 13, புதன்

ஒருவரும் இல்லை. சிம்வெம்வேயின் தாய் என்னைப் பார்த்ததும் சோளக்காட்டுக்குள் போய்விட்டாள். இன்னொருத்திக்குப் பல்வலி. பிள்ளைக்கு அல்ல, அவளுக்கு.

ஜனவரி 14, வியாழன்

சகாலாவின் வீட்டுக்குப் போனேன். நாற்காலி கொடுத்தார், உட்காரவில்லை.

"தலைவரே, பிள்ளைய எங்க?"

"மழ அமாய்."

"மழ ஞாயித்துக்கிழமையோட நின்னுட்டு."

"களை எடுக்கிற நேரம்."

"அஞ்சு வயசுப் பிள்ள களை எடுக்குமா? என்னப் பிடிக்கலன்னா என் மூஞ்சிக்கு நேர சொல்லுங்க. மூணு அறையும் கட்டி முடிச்சிட்டு இப்பிடி ஒளிஞ்சு விளையாடக் கூடாது."

அவர் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது வயது மனிதர். பிறகு சொன்னார்: "பிள்ளைய சத்தம் போடும் அமாய்."

"என் வகுப்பில சத்தமே இருக்காது."

"பள்ளிக்கூடம்னா பாடும், ஓடும், சிரிக்கும். ஒங்க முத்தத்துல எப்படி?"

"ஒரு பிள்ள வாயத் திறக்காது. நான் பாத்துக்கிடுதேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். பாவமாகப் பார்த்தார் என்று சொல்வதற்கு எனக்கு விருப்பமில்லை. "நீங்க செய்வீய அமாய். அது எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

திரும்பி வரும் வழியில் டாக்காவைப் பிடித்தேன். உமக்குத் தெரியும், சொல்லும் என்றேன்.

"எனக்கு இந்த ஊர்ல வாய் கிடையாது மேடம். நான் மருமகன்."

இங்கே அது உண்மை. கல்யாணம் செய்தவன் மனைவி ஊரில் வந்து வாழ வேண்டும். அந்த ஊர் விஷயத்தில் வாய் திறக்கக் கூடாது. பத்து வருடம் பேருந்து முழுவதையும் அதட்டிய மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

பரிசோதனைக்குப் பதினான்கு நாள்.

ஜனவரி 15, வெள்ளி

ஒருவரும் இல்லை. மணி அடித்தேன்.

ஜனவரி 19, செவ்வாய்

ஞாயிறன்று யோபே என்ற கிழவர் இறந்துவிட்டார். ஊரே அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. சாவு வீட்டுக்கு எப்போதும் என் கணவர்தான் போவார், எங்கள் இருவருக்கும் சேர்த்து. நான் ஒன்பது வருடத்தில் ஒன்றுக்கும் போனதில்லை. இன்று போனேன். எல்லாப் பெற்றோரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்பதால் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டேன். அது சரியா என்று அப்போது யோசிக்கவில்லை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆண்கள் மரத்தடியில். பெண்கள் வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் கால் நீட்டி, ஒருவரோடு ஒருவர் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். யோபேயின் மனைவி நடுவில் படுத்திருந்தாள். ஒருத்தி தலையைப் பிடித்திருந்தாள், ஒருத்தி காலை. யாரும் ஆறுதல் சொல்லவில்லை. சும்மா இருந்தார்கள். பிள்ளைகள் ஒன்றுகூட இல்லை. எல்லாரையும் தூரத்து வீடுகளுக்கு அனுப்பியிருந்தார்கள்.

லொசாலியா நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். என் மடியில் இருந்ததைப் பார்த்தாள்.

"அது என்ன அமாய்? யோபே வந்தாரா வரலியான்னு எழுதப்போறியளா?"

பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குக் காது சுட்டது. மெதுவாகக் கேட்டேன்: "பிள்ளைய ஏன் இங்க இல்ல?"

"சாவு வீட்டுல பிள்ளைய சத்தம் கேக்கலாமா? உக்காந்து முடிச்சு, கடைசி நாள் முத்தத்தப் பெருக்கி விடணும். அப்புறந்தான் ஆட்டம் பாட்டு எல்லாம். அதுக்கு முன்ன சிரிச்சா போனவர மிதிக்கிற மாதிரி."

"எத்தன நாளு?"

"உக்காந்து முடிக்கிற வரைக்கும். மூணு நாளோ ஒரு வாரமோ." என்னைப் பார்க்காமலே சொன்னாள். "சில வீட்டுல ஆறு மாசமாவும் முடியல."

பதிவேட்டை மடியிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்தேன்.

"நாங்க வந்தோம்லா அமாய். மாவு இடிச்சு எடுத்துட்டு வந்தோம். பாயி கொண்டு வந்தோம். நீங்க ரொட்டி குடுத்தீய. ஆளுக்கு ரெண்டு துண்டு, எண்ணி. நாங்க பசிச்சா வந்தோம்?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றேன்.

"நாங்க வந்து அழுவுதோம்னு வீட்டுக்காரிட்ட எப்படிக் கேக்க? கதவு அவளுதுதான்."

நூற்றுத் தொண்ணூற்று நான்கு நாள். சுவர் கட்டினவர்கள் பாடாமல் கட்டினார்கள்.

ஜனவரி 20, புதன்

அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். சாக்பீஸ் ஆறு பெட்டி, சிலேட்டு அறுபது, உலக வரைபடம் ஒன்று.

ஜனவரி 21, வியாழன்

நேற்று முழுவதும் கோபம். இன்று நிதானமாக எழுதுகிறேன். வருகைப் பதிவேட்டை நிரப்புவதற்காக நான் நாலு பேர் முன்னால் அழுது காட்ட முடியாது. என் துக்கம் என்னுடையது. முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு மாணவியும் என் கண் கலங்கிப் பார்த்ததில்லை. தாணு பிறந்தபோது செவிலியே பாராட்டினாள்.

இதைப் படித்துப் பார்த்தால் எல்லா வாக்கியமும் சரியாகத்தான் இருக்கிறது.

மாலையில் மசாவுட்சோ வேலி ஓரம் வந்து நின்றாள். உள்ளே வராமல், வாயைப் பொத்திக்கொண்டு வகுப்பறையைப் பார்த்தாள். ஐந்து வயதுப் பிள்ளை. என் கணவருக்காக வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறது.

ஜனவரி 22, வெள்ளி

சகாலாவிடம் போனேன். நாற்காலி கொடுத்தார், உட்கார்ந்தேன்.

"தலைவரே, என் வீட்டுல உக்காரணும். நீங்க எல்லாரும்."

அவர் இரண்டு கையையும் சேர்த்து மெல்லத் தட்டினார். வெகுநேரம் தட்டினார். பிறகு நாள் பார்த்தார். யோபே வீட்டில் திங்கள்கிழமைதான் பெருக்குகிறார்கள். ஊரில் இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் உட்காரக் கூடாது. செவ்வாயன்று பெண்கள் மாவு இடிக்க வேண்டும். புது அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, குதிர்களில் அடி தெரிகிறது. எப்படியும் சேர்த்துவிடுவோம் என்றார். புதன் உட்கார்ந்தால் வெள்ளி பெருக்கலாம்.

"வியாழன் பரிசோதன" என்றேன்.

அப்போது அவர் ஒன்று சொன்னார். என்னை மதித்துத்தான் சொன்னார்.

"ஒண்ணு செய்யலாம் அமாய். அடுத்த வாரம் உக்காருவோம். இந்த வியாழக்கெழம மட்டும் நாப்பது பிள்ளையள அனுப்பச் சொல்லுதேன். நான் சொன்னா அனுப்புவாக. வாயத் தெறக்காம உக்காரும். ஆபீசரு எண்ணிட்டுப் போயிருவாரு."

நாற்பது பிள்ளை. புத்தகம் வரும், ஆசிரியர் வருவார். என் கணவர் சூளை வைத்ததும், நான் சுவருக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்ததும் இதற்காகத்தான். ஒரு காலை நேரம், அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"வேண்டாம்" என்றேன். "நான் பொய்ப் பதிவேடு எழுதுறதில்ல. புதன்கெழம உக்காருவோம்."

காரணம் பதிவேடுதான். வேறொன்றும் இல்லை.

ஜனவரி 25, திங்கள்

தேதியை மாற்றித் தரும்படி மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம். டாக்கா பேருந்தில் கொண்டுபோனார். அதிகாரி சுற்றுப்பயணத்தில் இருக்கிறாராம். மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

ஜனவரி 26, செவ்வாய்

நாள் முழுவதும் உரல் சத்தம். என் வீட்டுக்காக இடிக்கிறார்கள்.

ஜனவரி 27, புதன்

வந்தார்கள். கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

ஜனவரி 28, வியாழன்

நாற்பது பெண்கள் இருக்கும். எண்ணக் கூடாது என்று இருந்தேன். என் முன்னறையில், படுக்கையறையில், முற்றத்தில், வகுப்பறைச் சுவர் ஓரத்தில் எல்லாம் பாய் விரித்திருந்தார்கள். என்னைத் தரையில் உட்கார வைத்துத் தலையில் துணி போட்டார்கள். முதுகு வலித்தது, சொல்லவில்லை. சமையலும் தண்ணீரும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். என் வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அதுதான் முதலில் கஷ்டமாக இருந்தது.

பத்து மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம். வாசலில் யாரோ சொன்னார்கள், டெம்போ வந்துவிட்டார் என்று. மெலிந்த மனிதர், காக்கித் தொப்பி, கைப்பை. கடிதம் அவருக்குக் கிடைக்கவில்லை. நான் எழுந்திருக்கப் போனேன். வருகிறவரை எழுந்து வரவேற்காமல் இருந்தது என் ஆயுளில் கிடையாது. லொசாலியா என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

"நீங்க எந்திரிக்கக் கூடாது. இன்னைக்கு அவருதான் குனியணும்."

டெம்போ முற்றத்தைப் பார்த்தார். காலி வகுப்பறைகளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு மரத்தடிக்குப் போய் ஆண்களோடு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கைப்பையைத் திறக்கவில்லை. பிறகு வாசல்வரை வந்து, மண்டியிட்டு, என்னைப் பார்க்காமல் இரண்டு முறை கை தட்டிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கே பிடித்திருக்காது.

மோட்டார் சைக்கிள் சத்தம் மறைந்த பிறகு பெண்கள் என் கணவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். யோபேயின் தம்பிக்குக் குழி வெட்டியது அவராம். வெயிலில் மயங்கி விழுந்து, குழிக்குள் இருந்தவரைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்ததாம். எனக்குத் தெரியாது. அன்று சட்டையெல்லாம் மண்ணாக வந்ததற்கு நான் திட்டியது மட்டும் நினைவிருக்கிறது. சின்யாஞ்சாவை அவர் பேசும் விதத்தை லொசாலியா பேசிக் காட்டினாள். அச்சு அசல். அறை முழுவதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு குலுங்கியது.

"செங்கல் அறுக்கையில நான் கேட்டேன்" என்றாள் லொசாலியா. "பெரியவரே, ஒங்க மகன் கனடாவுல. இந்தப் பள்ளிக்கூடம் யாருக்கு? எங்க பிள்ளையளுக்கான்னு கேட்டேன். ஒங்க பிள்ளையளுக்கும்தான், ஆனா மொதல்ல என் வீட்டுக்காரிக்குன்னாரு. அவளுக்கு எதுக்கு, அவ படிச்சவல்லான்னேன்."

என்னைப் பார்த்து நிறுத்தினாள்.

"சொல்லு" என்றேன்.

"எனக்கப்புறம் அவளுக்குத் திட்டுறதுக்கு ஆளு வேணும் லொசாலியா. இத்தன வருஷமா நான் ஒருத்தனே தாங்கிட்டேன். இனி அதுக்கு அம்பது பேராவது வேணும்ன்னாரு."

அடுப்பு பக்கத்தில் இருந்தது. ஈர விறகு. புகை கண்ணில் ஏறிவிட்டது. ஏறியது நிற்கவில்லை, வெகுநேரம். சத்தமும் வந்திருக்கும் போலிருக்கிறது, தொண்டை இப்போது கம்முகிறது. லொசாலியா என் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி காலைப் பிடித்துக்கொண்டாள். புகைக்கு இந்த ஊரில் அதுதான் வைத்தியம் போலிருக்கிறது.

ஜனவரி 29, வெள்ளி

காலையில் பெருக்கினார்கள். வீட்டின் உள்ளேயிருந்து தொடங்கி, முற்றம், வகுப்பறை, மாமரத்தடி, வேலிவரை ஒரே வரிசையாக. மூலைகளைச் சரியாகப் பெருக்கவில்லை. நான் சொல்லவில்லை.

கடைசியில் சகாலா முற்றத்தின் நடுவில் நின்று, "பெரியவரு போயிட்டாரு. இனி இந்த முத்தத்துல சத்தம் போடலாம்" என்றார்.

யாரும் உடனே போடவில்லை. பிறகு டாக்கா, வாய் இல்லாத மருமகன், பேருந்து நடத்துநர் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார்.

பிப்ரவரி 1, திங்கள்

பதிவேட்டில் ஐம்பத்தேழு பேர். வந்தது அறுபத்துமூன்று. பெயர் கொடுக்காத ஆறு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. ஒருத்தி தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவனை எழுதவில்லை. மூன்று மாதக் குழந்தை.

ஏழு மணிக்கு மணி அடித்ததுதான் தெரியும். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று எழுத முடியாது. ஆறு மாதம் அடக்கி வைத்ததை எல்லாம் ஒரே நாளில் கத்தித் தீர்த்தார்கள். டாக்கா வருகை எடுத்தார். அறுபத்துமூன்று பேரும் "ஏறியாச்சு!" என்று கூவினார்கள். திருத்த வேண்டும். நாளைக்குத் திருத்தலாம்.

பத்தரை மணி இடைவேளையில் புற்றின் மேல் ஏறித் தாணுவுக்குப் போன் செய்தேன்.

"என்னம்மா அது சத்தம்? எங்க இருக்க?"

"வீட்டுலதான்" என்றேன். "கேளு." போனைப் பள்ளிக்கூடம் பக்கமாக நீட்டிப் பிடித்தேன்.

பிப்ரவரி 4, வியாழன்

டெம்போவின் கடிதம் வந்தது. "பரிசோதனை நாளில் வகுப்பறைகளில் மாணவர் எவரும் இல்லை. ஆகவே இவ்வாண்டு பட்டியலில் சேர்க்க இயலவில்லை." சரியாகத்தான் எழுதியிருக்கிறார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். கீழே கையால் ஒரு வரி: "கட்டடம் மிக நன்றாக இருக்கிறது. தங்கள் கணவரை எனக்குத் தெரியாது. இப்போது கொஞ்சம் தெரியும்." எழுத்துப் பிழை இல்லை.

குழுவைக் கூட்டிப் படித்துக் காட்டினேன். இந்த வருடம் புத்தகம் கிடையாது, வேறு ஆசிரியர் கிடையாது, நானும் டாக்காவும்தான் என்றேன். சகாலா யோசித்தார்.

"அடுத்த ஜனவரி வருவாரா?"

"வருவாரு."

"நீங்க இருப்பியளா அமாய்?"

"பின்ன எங்க போவேன்?"

"அப்ப சரி" என்றார். லொசாலியா கடலை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். எல்லாரும் தின்றோம். தோலைத் தரையில் போட்டார்கள்.

பாடம்: அவர்கள் மொழியில் முதல் ஐந்து எழுத்து, எண்கள் ஐந்து வரை. மசாவுட்சோவுக்கு எண் இரண்டு தலைகீழாக வருகிறது.

இன்று திட்டியது: தாமதத்துக்கு ஆறு பேர், பேசியதற்கு ஒன்பது பேர், சிலேட்டை உடைத்ததற்கு ஒருவன், கடலைத் தோலுக்காக ஊர்த்தலைவர் உட்பட நான்கு பேர், டாக்கா இரண்டு முறை. தொண்டை முழுவதுமாகப் போய்விட்டது. நாளை ஏழு மணிக்கு.